கண்ணுக்குக் கீழே இருந்த அப்பா

சியோல் நகரத்தில் பாங் தல்சுவின் கண்ணுக்கடியில் தொங்கிய கண்பைகளுக்கு ஈடாக இன்னொரு ஜோடி இருந்ததில்லை. மழையில் குடையில்லாமல் நின்றால் அவற்றில் தண்ணீர் தேங்கும். ஒருமுறை அவர் பேருந்து நிறுத்தத்தில் அசந்து நின்ற நேரம், ஒரு சிட்டுக்குருவி வந்து இடது பையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதாக யோம் ஒக்சூன் சொல்வாள். ஒக்சூன் பொய் சொல்கிறவள்தான். ஆனால் தொழில் நேரத்தில் மட்டும்.

அவளுடைய தொழில், கல்யாணங்களுக்கு உறவினரை வாடகைக்கு அனுப்புவது. மாமா வேண்டுமா, அத்தை வேண்டுமா, கல்லூரித் தோழிகள் ஒரு கூட்டமாக வேண்டுமா, எல்லாம் அவளிடம் உண்டு. பெண்ணுக்கு அப்பா செத்திருப்பார், ஓடியிருப்பார், அல்லது இருந்தும் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டக்கூடிய நிலையில் இருக்கமாட்டார். அப்போது தல்சு போவார். பெண்ணின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் கொடுத்து, நாலு வார்த்தை உருக்கமாகப் பேசிவிட்டு முன்வரிசையில் உட்காருவார்.

மற்ற வாடகை அப்பாக்கள் அழுதால் கண்ணீர் நேராகக் கன்னத்தில் இறங்கிவிடும். தல்சுவுக்கு அப்படியில்லை. கண்ணீர் முதலில் பைகளில் நிரம்பும். நிரம்பி, தளும்பி, ஒரு கணம் விளிம்பில் நிற்கும். அந்த இடைவெளியில் மண்டபமே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடும். பாய்லர் தொழிற்சாலை மூடி அவர் தெருவுக்கு வந்த பிறகு, இப்படி ஊரார் பெண்களுக்கெல்லாம் அப்பாவாக இருந்துதான் தன் சொந்தப் பெண் யூரிமைப் படிக்கவைத்தார். தாயில்லாத பெண். படித்து, ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குப் போய், அங்கேயே மின்க்யூ என்ற பையனைப் பிடித்தும்விட்டாள்.

பெற்றோர் தினத்துக்கு யூரிம் ஒரு உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே சின்சா பக்கத்துக் கண் அழகு மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுச் சீட்டு.

"என்னடி இது?"

"கண்பை எடுக்கறதுப்பா. எல்லாப் பிள்ளைங்களும் இப்ப அப்பா அம்மாவுக்கு இதத்தான் செஞ்சு குடுக்குறாங்க. என் ஆபீஸ்ல ஒருத்தி அவங்க அம்மாவுக்குக் கழுத்தையே தூக்கிவிட்டா."

"தூக்கிவிட்டு எங்க வெச்சா?"

"அப்பா!"

தல்சு அந்தச் சீட்டைத் தெருமுனைக் கடைக்காரர் முதல் குப்பை அள்ளுகிறவர் வரை எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார். மகள் பாசத்தைக் காட்டினார், அவ்வளவுதான். கத்தி வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. கத்தி இல்லாமலே வழி இருக்கும் என்று வீட்டு வைத்தியத்தில் இறங்கினார். ஸ்பூன்களைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துக் கண்ணுக்குக் கீழே அழுத்தினார். ஸ்பூன் ஒட்டிக்கொண்டது, பை போகவில்லை. பச்சைத் தேயிலைப் பொட்டலங்களை ஊறவைத்து வைத்துப் பார்த்தார். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி வைத்துக்கொண்டு தூங்கினார். எதிர்வீட்டு ஆள் மூலத்துக்குப் போடும் களிம்பு சுருக்கும் என்று சொல்ல, அதையும் தடவினார். கண் எரிந்தது, எதிர்வீட்டு ஆளோடு பேச்சுவார்த்தைதான் சுருங்கியது.

பிறகு மருத்துவமனைக்கே போய், கத்தியில்லாத வகைகளைக் கேட்டார். லேசர் போட்டார்கள். தோல் வெங்காயம் போல உரிந்தது, பைகள் புதுத் தோலோடு பளபளத்தன. பைக்குக் கீழேயிருந்த பள்ளத்தை மேடாக்க ஊசியில் ஜெல் ஏற்றினார்கள். பள்ளம் மேடானது, பைக்குக் கீழே இன்னொரு பை முளைத்ததுபோல இருந்தது. அதைக் கரைக்க இன்னொரு ஊசி போட வேண்டியதாயிற்று.

ஆலோசனை அறையில் உட்கார்ந்திருந்த பெண் அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடியை நிமிர்த்தி வைத்தாள். அவளுக்கு வயது முப்பதோ ஐம்பதோ, கண்டுபிடிக்க வழியே இல்லை.

"ஐயா, இது வீக்கம் இல்ல. கண்ணு உக்காந்திருக்க மெத்தை, அந்தக் கொழுப்பு, சுவர் தளர்ந்ததும் வெளிய தள்ளிக்கிட்டு வந்திருக்கு. கிரீம் போட்டாலும் கிழங்கு வெச்சாலும் அது திரும்ப உள்ள போகாது."

"அப்ப?"

"சின்ன வயசுன்னா இமைக்கு உள்பக்கம் கீறி எடுத்துடுவோம், தையல்கூட வேண்டாம். உங்களுக்குத் தோலும் தொங்குது. இமைமுடிக்குக் கீழயே கீறி, கொழுப்பக் கொஞ்சம் எடுத்து, மிச்சத்தப் பள்ளத்துல பரப்பி, தோல வெட்டித் தெச்சிடலாம். பத்து வயசு குறையும்."

"எனக்கு வயசு குறைஞ்சா சோறு குறையும்மா" என்று சொல்லிவிட்டுத் தல்சு எழுந்து வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் யூரிம் உண்மையைச் சொன்னாள்.

"அப்பா, மின்க்யூவோட அம்மா இருக்காங்களே, பியோ அம்மா, அவங்க சனிக்கிழமை ஆனா கல்யாணம் கல்யாணமாப் போறவங்க. போன வாரம் டீ குடிக்கறப்ப சொல்றாங்க. எங்கயோ ஒரு கல்யாணத்துல பொண்ணோட அப்பாவப் பாத்தாங்களாம். கண்ணுக்குக் கீழ ரெண்டு பையாம். அதுல கண்ணீர் ரொம்பி நின்னுச்சாம். அதப் பாத்து இவங்களே அழுதுட்டாங்களாம்."

தல்சுவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "எந்த மண்டபம்னு சொன்னாங்களா?"

"அப்பா! ரெண்டு குடும்பமும் பாத்துக்கற அன்னிக்கு நீங்க அதே பையோட வந்து நின்னா? நீங்க நிகழ்ச்சி ஏற்பாட்டுத் துறைல இருக்கறதா சொல்லி வெச்சிருக்கேன்."

"பொய் இல்லையே."

"ஊர்ல பாதிப் பொண்ணுங்களுக்கு நீங்க அப்பாவா நின்னாச்சு. எனக்கு ஒரு தடவ நில்லுங்க. எனக்கு மட்டும் தெரியற ஒரு மூஞ்சியோட நில்லுங்க. அது போதும்."

இத்தனை கல்யாணங்களில் நடந்தும், நிஜமாக நடக்கப்போவது ஒரே ஒரு முறை. அந்த ஒன்றுக்காகச் சோற்றுச் சட்டியை உடைப்பதில் தல்சுவுக்குத் தயக்கம் இல்லை. மருத்துவமனைக்குப் போய்ப் படுத்தார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மேலே விளக்கைத் திருப்பினார்கள். வெளியே வந்த கொழுப்பைப் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்டார். தாதி ஒரு சின்னத் தட்டில் காட்டினாள். மஞ்சளாக, சோளமணி போல, நான்கைந்து துண்டு. யூரிமின் கல்லூரிப் படிப்பு முழுவதும் அந்தத் தட்டில் கிடந்தது.

முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய், பச்சையாகி, மஞ்சளாகி, தெளிந்தது. ஒக்சூன் பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிற? மூஞ்சி இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. வீட்டு மனை விக்கிறவன் மாதிரி இருக்கு. இவன எவன் அப்பான்னு நம்புவான்? இனிமே உன்ன மாப்பிள்ளையோட பெரியண்ணனாத்தான் அனுப்பணும். அதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் சும்மா உக்காந்திருக்காங்க."

"எம்பொண்ணு நம்புவா. அது போதும்."

"அவளுக்குத் தெரியும்ணே, நம்பணும்னு என்ன இருக்கு? நம்ப வேண்டியவங்க வேற ஆளுங்க" என்றாள் ஒக்சூன்.

இரு குடும்பமும் பார்த்துக்கொள்ளும் விருந்து ஒரு நல்ல உணவகத்தின் தனி அறையில். மாப்பிள்ளையின் அப்பா வாய் திறக்காத மனிதர். அவர் வாயையும் சேர்த்துப் பியோ அம்மாவே வைத்திருந்தாள். தல்சு உள்ளே நுழைந்ததும் அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை அவர் கண்களைத் தொட்டு, வழுக்கிக்கொண்டு, அப்பால் போயிற்று. அடையாளம் தெரியவில்லை. மருத்துவர் சுத்தமாக வேலை செய்திருந்தார்.

பூசணிக் கஞ்சி வந்தது, மீன் வந்தது, இறைச்சி வந்தது. பையன் குறையைப் பெண் வீட்டாரும் பெண் குறையைப் பையன் வீட்டாரும் இல்லவே இல்லை என்று மறுத்துக்கொண்டார்கள். எல்லாம் முறைப்படி. கடைசியில் பெண்ணின் அப்பா நாலு வார்த்தை சொல்லவேண்டிய நேரம் வந்தது. தல்சு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

"எங்கிட்டக் குறையா வளர்ந்த பொண்ணு. சமைக்கத் தெரியாது, கோவிச்சுக்க மட்டும் தெரியும். இவ பொறந்த அன்னிக்குப் பனி பெஞ்சுது. ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றப்ப ஒரு அடிகூட வழுக்கிடக் கூடாதேன்னு நடந்தேன். இன்னிக்கு வரைக்கும் அப்படியேதான் நடந்துக்கிட்டிருக்கேன். இனி நீங்க தூக்கிக்கணும், சம்பந்தி."

சொல்லி, நிறுத்தி, கைக்குட்டையை எடுத்து, மூக்கைத் தொட்டு, மடித்து வைத்தார்.

அத்தனையும் நிஜம். யூரிம் பிறந்த அன்று பனி பெய்தது. அவர் அப்படித்தான் நடந்தார். அந்த நிஜத்தைத்தான் இத்தனை வருடமும் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இரவல் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தை மாற்றிக்கொண்டவருக்கு வார்த்தையையும் மாற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை. மகளுக்குச் சொல்ல அவரிடம் வேறு வார்த்தை ஏது?

பியோ அம்மா சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"இத நான் கேட்டிருக்கேன்."

அறையில் யாரும் மெல்லவில்லை.

"பனி, வழுக்கறது, தூக்கிக்கணும், எல்லாம். அந்தக் கைக்குட்டகூட. கண்பைக்காரர் ஒருத்தர் சொன்னாரே, ஒரு எழுத்து மாறாம." அவள் தல்சுவை மறுபடி பார்த்தாள். "ஓ. அவரும் வாடகைக்கு வந்தவரா? நான் வேற அங்க உக்காந்து அழுதேன்! ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா? ஆளுக்கு ஒரு வசனமாவது மாத்திக் குடுக்கமாட்டாங்களா?"

"அம்மா, சும்மா இருங்க" என்றான் மின்க்யூ.

"நீ சும்மா இருடா. ஏய் யூரிம், எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இவரு யாரு?"

யூரிமுக்கு முன்னால் இரண்டே பதில்தான் இருந்தன. இவர் என் அப்பா, அந்தக் கண்பைக்காரரும் இவர்தான், நான் வளர்ந்ததே அந்தப் பிழைப்பில்தான் என்பது ஒன்று. மற்றதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை; பியோ அம்மாவே அதைப் பாதி தயார் செய்து கையில் கொடுத்திருந்தாள். யூரிம் அப்பாவைப் பார்த்தாள். அந்த இஸ்திரி போட்ட முகத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

"மன்னிச்சிடுங்க அத்தை" என்றாள். "வாடகைக்குத்தான். எங்கப்பா எங்க இருக்கார்னே தெரியாது."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அது நிஜ அழுகை.

தல்சு எழுந்தார். தொழில் தெரிந்தவர் அல்லவா? இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கினார். குரலில் கொஞ்சம் கூலிக்காரப் பணிவைச் சேர்த்துக்கொண்டார்.

"தப்பு எங்க பக்கம்தாம்மா. பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லுச்சு. தனியா வந்து நிக்க வெக்கப்பட்டுக்கிட்டு... அதுமேல கோவிச்சுக்காதீங்க."

அவருடைய வாழ்நாளில் இதைவிட நன்றாக அவர் நடித்ததில்லை. பியோ அம்மா மேஜையைச் சுற்றி ஓடிவந்து யூரிமைக் கட்டிக்கொண்டாள். "அடிப் பைத்தியமே! அப்பா இல்லன்னா சொல்றதுதானே? நாங்க என்ன உன்னத் தின்னுடவா போறோம்?" கல்யாணம் அந்த நிமிடமே கெட்டியாயிற்று. இதுவரை பேசாத மாப்பிள்ளையின் அப்பாகூட, அப்பா இடத்தில் நானே பெண்ணை மேடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு வாக்கியம் பேசினார். மிச்சமிருந்த இறைச்சியைப் பியோ அம்மா தல்சுவுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொன்னாள்.

கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு யூரிம் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அப்பா..."

"உள்ள போ. மை கலைஞ்சிருக்கு, தொடச்சிக்க."

"கல்யாணம் முடியட்டும்பா. ஒரு குழந்தை பொறக்கட்டும். மெதுவா நானே எடுத்துச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"



"நான் வேற என்னப்பா சொல்லிருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"கண்ணுக்குக் கத்தி வெக்கச் சொன்ன, வெச்சேன். இதையும் நானே சொல்லிக் குடுக்கணுமா?" என்றார் தல்சு. பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டுச் சுரங்க ரயில் படிகளில் இறங்கினார். அவள் கூப்பிடவில்லை. உள்ளே அவளைத் தேடுவார்கள்.

கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று ஒக்சூன் தலையால் அடித்துக்கொண்டாள். தல்சு போனார். வாசலில் மொய் உறையைக் கொடுத்து, மற்ற விருந்தாளிகளைப் போலவே சாப்பாட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா யூரிமை நடத்திக்கொண்டு போனார். வேகமாக நடந்தார், தரை வழுக்கும் என்ற எண்ணமே இல்லாத நடை. முன்வரிசையில் பெண்ணின் பெற்றோருக்கான இரண்டு நாற்காலிகளும் காலியாகக் கிடக்க, யூரிமும் மின்க்யூவும் அவற்றுக்குக் குனிந்து வணங்கினார்கள். மண்டபம் மூக்கைச் சிந்தியது. தல்சுவின் கண்ணிலிருந்து நீர் எங்கும் நிற்காமல் நேராகத் தாடைக்கு இறங்கிச் சட்டைக்குள் போயிற்று. பக்கத்திலிருந்தவர்கூடக் கவனிக்கவில்லை.

அவர் சாப்பாட்டுக் கூடத்துக்கு நழுவும்போது பியோ அம்மா பார்த்துவிட்டாள்.

"அட, நீங்களா! தொழிலா வந்தாலும் மனசுல வெச்சு வந்திருக்கீங்களே. நல்ல மனுஷன். வாங்க வாங்க, பொண்ணு பக்கம் சொந்தக்காரங்க போட்டோவுக்கு ஆளே இல்ல. ஓட்டையா இருக்கு. பின்னால வந்து நில்லுங்க."

அவள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் யூரிமின் அலுவலகத் தோழிகள் மட்டும் நின்றார்கள். தல்சு கடைசி வரிசையில் ஏறி நின்றார். யூரிம் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து மட்டும் விறைத்தது. புகைப்படக்காரன் கேமராவிலிருந்து தலையை எடுத்தான்.

"பின்னால இருக்க ஐயா பொண்ணுக்கு என்ன வேணும்? நெருங்கின சொந்தம்னா முன்னால வரணும்."

"ஒண்ணும் இல்ல தம்பி, எண்ணிக்கைக்குத்தான்" என்றாள் பியோ அம்மா அன்பாக. "அங்கயே இருக்கட்டும்."

யூரிமின் முக்காடு ஒரு பக்கம் நழுவியிருந்தது. ஊசி கழன்று, வெள்ளைத் துணி காதோரம் தொங்கியது. யாரும் பார்க்கவில்லை. தல்சு, முன்னால் நின்ற இரண்டு தோழிகளின் நடுவே கையை நீட்டினார்.

"ஐயா, ஐயா" என்றான் புகைப்படக்காரன், "கையக் கீழ போடுங்க. பொண்ண மறைக்குது."

தல்சு கையை இறக்கிக்கொண்டார்.