கடிக்கும் நாய் இருக்கும் திசை

மூன்றாம் வகுப்புக்குப் புவியியல் நடத்தும் டீச்சருக்குத் திசை தெரியாது. சுவரில் மாட்டிய வரைபடத்தில் வடக்கு எப்போதும் மேலே இருந்ததால் பிழைப்பு ஓடியது. தெருவில் இறங்கினால் கதை கந்தல்தான்.

பிள்ளைகள் நச்சரித்ததால் தபால் நிலையம்வரை கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். ஆளுக்கொரு வழிப்படம் வரைந்து எடுத்துக்கொண்டார்கள்.

"மணி அடிக்கறதுக்குள்ள எல்லாரும் உள்ள இருக்கணும். லேட்டானா இனிமே வெளிய போற பேச்சே கிடையாது" என்றார் தலைமையாசிரியை.

போனது சுலபம். திரும்பும்போது குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டீச்சர் தைரியமாகப் பக்கத்துச் சந்தில் நுழைந்தார். அது ஒரு தையற்கடை முன்னால் கொண்டுபோய் விட்டது. அடுத்த சந்தும் அதே கடைக்குத்தான் வந்தது.

"என்னம்மா, ஊர்வலமா?" என்றார் தையற்காரர்.

வகுப்பில் 'வானொலி' என்று பெயர் வாங்கிய சிறுமி டீச்சரின் புடவையை இழுத்தாள். "டீச்சர், தொலைஞ்சிட்டோமா?"

"இல்ல கண்ணு, சுத்திப் பாக்கறோம்."

"ஒரே கடையவா?"

இனி மழுப்பினால் மணி அடித்துவிடும். "சரி. டீச்சருக்கு வழி தெரியல" என்றார்.

யாரும் அழவில்லை. மாறாக, குஷியாகிவிட்டார்கள். நடைபாதையிலேயே படங்களை விரித்துச் சண்டை போட்டார்கள். எந்தப் படத்திலும் இந்தச் சந்து இல்லை. வானொலியின் படத்தில் தெருக்களே இல்லை, நாய்கள்தான் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'கடிக்கும்', 'கடிக்காது' என்று எழுதியிருந்தாள்.

"இதெல்லாம் ஒரு மேப்பாடி?" என்றான் ஒருவன்.

"வாய மூடு. குரைக்கறது கேக்குதா? அதுதான் கடிக்கற நாய். நம்ம ஸ்கூல் பின் கேட்டுக்கு எதிர் வீடு. தினமும் அதுக்குப் பயந்துதான் ஓடிவரேன்."

வகுப்பு மொத்தமும் குரைப்பை நோக்கி நடந்தது. டீச்சரின் கையை வானொலி விடவே இல்லை.

பின் கேட்டில் நுழையவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தலைமையாசிரியை அங்கே நின்றுகொண்டிருந்தார். "எதுக்கு இந்த வழியா வரீங்க?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வானொலி முந்திக்கொண்டாள். "டீச்சர் தொலைஞ்ச மாதிரி நடிச்சாங்க மேடம். நாங்கதான் வழி கண்டுபிடிச்சோம்!"

தலைமையாசிரியை டீச்சரின் வியர்த்த முகத்தைப் பார்த்தார். வேலையில் சேர்ந்த அன்று அலுவலக அறையைத் தேடிச் சமையலறைக்குள் போய் நின்றவர்தான் இந்த டீச்சர்.

"ரொம்ப நல்லா நடிக்கறாங்க" என்றார். "அடுத்த வாரம் எங்க தொலையறதா உத்தேசம்?"