பரிந்துரைக்கிறேன் / பரிந்துரைக்கவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து வந்து குதிக்கவில்லை. இன்று காலை பதினொன்றேகாலுக்கு, கல்லூரிப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் கவுன்டருக்கு, கையில் படிவத்தோடு வந்தது. (முதல் வரி இன்னும் கம்பீரமாக இருந்திருக்கலாம். 'அவள் நிறங்களைக் காதலித்தாள்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். எனக்கே சகிக்கவில்லை.)

2

பெண் இறுதியாண்டு வேதியியல் மாணவி. துணைப்பாடம் ஓவியம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அவள் வகுப்பே அப்படித்தான் கேட்டதாம். பழைய ஓவியங்களைச் செப்பனிடும் அருங்காட்சியகம் ஒன்று அவளுக்கு வேலை கொடுத்திருக்கிறது. சான்றிதழில் இரண்டு பாடமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

சிக்கல், 'வண்ணங்களின் வேதியியல்' என்ற ஒரே ஒரு தாள். அதை முதன்மைப் பாடத்திலும் காட்டியிருக்கிறாள், துணைப்பாடத்திலும் காட்டியிருக்கிறாள். விதிப்படி ஒரு பக்கம்தான் காட்டலாம். ஓவியத்தில் ஒரு தாள் குறைகிறது. துணைப்பாடம் போச்சு, வேலையும் போச்சு.

3

இங்கே கவுன்டர் எழுத்தர் வர வேண்டும். முதல் வரைவில் அவரைத் தங்கமான மனிதராக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "கவலைப்படாதேம்மா" என்கிறார். இப்படி ஒருவரை நீங்கள் எந்தக் கவுன்டரிலாவது பார்த்திருக்கிறீர்களா? அடித்துவிட்டேன். இரண்டாம் வரைவில் சிடுமூஞ்சி. அவர் படிவத்தை வீசி எறிந்து [வேண்டாம். வீசவில்லை. மெதுவாகத்தான் தள்ளினார்.]

"ஒரே பேப்பரை ரெண்டு பக்கமும் காட்ட முடியாதும்மா. விதி."

"ரெண்டு வருஷமா ஒரு சனிக்கிழமை விடாம வந்து படிச்சேன் சார்."

"படிக்க வேணாம்னு யாரும் சொல்லலையே."

கூட வந்திருந்த சித்தி கவுன்டர் கண்ணாடியில் முகம் படும் அளவுக்கு நெருங்கி வந்தார்.

"சார், இவ என் அக்கா மக. மூணு வயசுலேர்ந்து நான்தான் வளர்க்கிறேன், அதனால என் மகளும்தான். ஒரு பக்கம்தான் கணக்குன்னா, நான் எந்தப் பக்கத்தை அடிக்கட்டும்?"

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

4

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. இடமில்லை.) புத்தகத்தில் ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது: தக்க காரணம் இருந்தால் எழுத்தர் விலக்குக்குப் பரிந்துரைக்கலாம். படிவத்தின் அடியில் அதற்கு இரண்டு கட்டங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் கட்டத்தில் அவர் ஒரு டிக் கூட அடித்ததில்லை. அடித்தால் கண்காணிப்பாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். அவர் முன்னால் நிற்கவே எழுத்தருக்குத் தொடை நடுங்கும். "மத்தியானம் பாக்கலாம், உக்காருங்க" என்று சொல்லி, பன்னிரண்டு மணிகூட ஆகுமுன்பே 'உணவு இடைவேளை' பலகையை எடுத்து வைத்துவிட்டார்.

அவர் தொடை நடுங்குவது எனக்கு எப்படித் தெரியும்? சரி, நான்தான் அந்த எழுத்தர். வயிற்றுப்பாட்டுக்கு இந்த வேலை, துணைப்பாடமாகக் கதை. இடைவேளை முடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பலகையை நான் எடுக்கவில்லை. அலுவலகத் தாளில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே நேரத்தைச் சம்பளத்திலும் காட்டுவேன், இலக்கியத்திலும் காட்டுவேன். என்னைக் கேட்க எந்த விதிப் புத்தகமும் இல்லை.

5

முடிவு ஒன்று: டிக் அடிக்கிறேன், கண்காணிப்பாளர் மனம் இளகுகிறார். (அவரை உங்களுக்குத் தெரியாது.) முடிவு இரண்டு: பத்து வருடம் கழித்து அவள் பெரிய ஆளாகித் திரும்பி வந்து என்னை... அட, போதும். பேனாவை உங்களிடமே நீட்டிவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். ஆனால் நீங்கள் எந்தக் கட்டத்தில் டிக் போட்டாலும் கீழே என் கையெழுத்துதான் இருக்கும்.

படிவம் நாலு மணிக்குள் மேலே போக வேண்டும். இப்போது மூன்று நாற்பது. எதிர் பெஞ்சில் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சித்தி குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவளிடம் சொல்கிறார்:

"பாத்தியா, சாப்பிடக்கூடப் போகல மனுஷன். அப்போலேர்ந்து நமக்காகத்தான் எழுதிட்டே இருக்காரு."

எனக்கு வெட்கமாக இருக்கிறது. படிவம் இந்தத் தாளுக்கு அடியில் கிடக்கிறது. இதை நகர்த்தினால்தான் அதில் எழுத முடியும். ஆகவே இந்தக் கதையை நான் இத்தோடு