படம் கிடைத்துவிட்டது

நூர்ஜானின் புருஷன் முஸ்தபாவுக்குக் குவைத்தில் ஒரு மியூசியத்தில் வேலை. பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஒரு கூடத்து வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் படங்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே மாட்டியிருந்த பதினாறு ஓவியங்களில் ஒன்றை மட்டும் 'என்னுடைய படம்' என்றே கடிதங்களில் எழுதுவான். முத்துக் குளிக்கப் போகும் படகு. பதினோரு பேர் கயிறு இழுக்கிறார்கள். பன்னிரண்டாவது ஆளுக்குக் கை மட்டும்தான் தெரியும், முகம் படகுப் பாய்க்குப் பின்னால். 'தெனமும் எட்டி எட்டிப் பாக்கறேன், அந்த ஆளு மூஞ்சியக் காட்ட மாட்டேங்கறான்' என்று ஒருமுறை எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு நூர்ஜானும் மாமியார் ரஹ்மத்துன்னிசாவும் வெகுநேரம் சிரித்தார்கள்.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்தது. கடிதம் நின்றுபோயிற்று. அக்டோபரில், அதே மியூசியத்தில் கூட்டிப் பெருக்கும் வேலையிலிருந்த வெள்ளகோவில் மயில்சாமி, உடுத்திய துணியோடு ஊர் வந்து சேர்ந்தான். பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக நூர்ஜானின் வீட்டுக்குத்தான் வந்தான்.

"ஏனுங்ணா, அவரு பின்னாடி வர்றாருங்களா?" என்றாள் நூர்ஜான்.

மயில்சாமி தண்ணீர்ச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"பட்டாளத்துக்காரனுக மியூசியத்துல இருந்ததையெல்லாம் பொட்டி கட்டி லாரில ஏத்துனாங்க அம்மிணி. அந்தப் படகுப் படத்தையும்தான். தூக்கி எறக்க ஆளு வேணும்னு முஸ்தபாவையும் ஏத்திக்கிட்டாங்க. 'எறக்கி வெச்சுட்டு வந்தர்றேன்'னு கையக் காட்டிட்டுப் போனான்."

இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவான் என்றுதான் நூர்ஜானும் இருந்தாள். சண்டை முடிந்தது. ஓடிவந்தவர்கள் பலரும் மறுபடி குவைத்துக்கே போனார்கள், மயில்சாமி உட்பட. கலெக்டர் ஆபீசுக்கு எழுதினாள், டெல்லிக்கு எழுதினாள். 'விசாரித்து வருகிறோம்' என்று பதில் வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டே காத்திருந்தாள்.

தொண்ணூற்றிரண்டில் மயில்சாமி லீவில் வந்தான். பட்டாளம் கொண்டுபோன பொருள்களில் பாதிக்குமேல் திரும்பிவிட்டன என்றான். படகுப் படம் மட்டும் வரவில்லை. பதிவேடுகளைக் கொளுத்திவிட்டதால், அது எப்படி இருக்கும் என்று காட்டக்கூட மியூசியத்தாரிடம் ஒன்றுமில்லை. முன்பொரு பெருநாளில், அந்தப் படத்துக்கு முன்னால் முஸ்தபாவை நிற்க வைத்து மயில்சாமி எடுத்த போட்டோ நூர்ஜானிடம் இருந்தது. அதைத்தான் கேட்டு வந்திருந்தான்.

"மனுசனக் கேக்க நாதியில்ல, படத்தத் தேடறாங்களாக்கும்," என்று ரஹ்மத்துன்னிசா வெடித்தாள்.

நூர்ஜானுக்குத் தோன்றியது வேறு. "படத்தோடதானுங்க மாமி அவரு போனாரு. படம் இருக்கற எடந் தெரிஞ்சா அவரு இருக்கற எடமும் தெரியுமில்லீங்களா?"

போட்டோவைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். அன்றிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்கும்போது, புருஷனோடு சேர்த்து அந்தப் படத்துக்காகவும் கையேந்தினாள். தொண்ணூற்றுநாலில், நாலு வருஷம் பார்த்தாயிற்றே, இத்தா இருந்துவிடட்டுமே என்று ஜமாத்தில் சொல்லி அனுப்பினார்கள். புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் அந்தத் துக்கத்துக்கு அவள் சம்மதிக்கவில்லை. "உசுரோட இருக்கறவருக்கு நான் எதுக்கு இத்தா இருக்கோணும்?"

தொண்ணூற்றைந்து மாசியில் மயில்சாமி மறுபடி வந்தான்.

"படம் கெடச்சிருச்சுங்க அம்மிணி. ஈராக்குக்குப் பக்கத்துல அம்மான்ங்கற ஊர்ல ஒரு பணக்காரன் ஊட்டுல இருந்துச்சாம். அந்த போட்டோவ வெச்சுத்தான் அடையாளம் கண்டாங்க."

"அவரு?"

"அந்தப் பணக்காரன் கை மாறி வாங்குனவன். அதுக்கு முன்னால வெச்சிருந்தவங்க வரைக்கும் விசாரிச்சுட்டாங்க. லாரில வந்த ஆளப் பத்தி ஒருத்தனுக்கும் தெரியலீங்க."

சொல்லிவிட்டு அவன் எழுந்து போகவில்லை. திடீரென்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அன்னிக்கு ரெண்டு ஆளக் கேட்டானுக அம்மிணி. நான் கக்கூசுக்குள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். முஸ்தபாவுக்கு நான் உள்ள இருக்கறது தெரியும். தெரிஞ்சும், 'நான் ஒருத்தன் போதும்'னு சொல்லிட்டு ஏறுனான்."

திட்டுவாள் என்று அவன் காத்திருந்தது நூர்ஜானுக்குத் தெரிந்தது. வைய வாய் வரவில்லை.

"நீங்களும் ஏறியிருந்தீங்கன்னா, இதச் சொல்லக்கூட எனக்கு ஆளு இருந்திருக்காதுங்ணா," என்றாள்.

உள்ளே ரஹ்மத்துன்னிசா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அழுகைச் சத்தம் இல்லை; முதுகு மட்டும் ஆடியது. நூர்ஜான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த முதுகின்மேல் கையை வைத்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போய், மேனேஜர் மாரப்பன் முன்னால் நின்றாள்.

"லீவு வேணுமுங்க. நாலு மாசம் பத்து நாளு."

"அத்தன நாளா? என்னன்னு எழுதறதும்மா?"

நாலரை வருஷமாக அவள் வாயால் சொல்லாத சொல்.

"எங்கூட்டுக்காரரு தவறிட்டாருங்க."

மாரப்பன் பதறி எழுந்தார். "அட சாமி! எப்பம்மா?"

மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அதுதானுங்க தெரியல," என்றாள்.