முதல் தோட்டாவை மட்டும் கையால் ஏற்ற வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலில் கிடைத்தது. மே மாதத்து ஞாயிறு, சர்ச் முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்த நேரம். நேவா ஸ்டென்ஸ்ரூட் ஐந்து காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு கண். அது என்னைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கண் சுருங்கியது. முகம் தெரியாவிட்டாலும் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

ஒரு பெண் ஓட்டையைப் பார்த்து எதற்குச் சிரிக்க வேண்டும்? என் கையிருப்பு அவ்வளவுதான். மீதியை அடுத்த சில வாரங்களில் மூன்று பேரிடமிருந்து சேர்த்தேன். சேர்த்தேன் என்றால், அவர்கள் பேசும்போது பக்கத்தில் நின்றேன். நான் கேள்வி கேட்கிற ரகம் இல்லை.

2

தொடக்கம் எழுதுவதில்தான் நோட்டுப் புத்தகம் பாதி தீர்ந்தது.

"மோன்டானாவின் கிழக்கு ஓரத்தில் காற்று எப்போதும் —"

(வேண்டாம். இங்கே காற்றை வைத்துத் தொடங்கினால் கதை முடிகிற வரை அது நிற்காது.)

"நேவாவுக்கு நாற்பத்து மூன்று வயது, ஒரு மணிக்கட்டு —"

(இரண்டு மணிக்கட்டுதான். ஒன்று சரியில்லை என்று சொல்ல வந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலை பார்க்கும் கோதுமைக் கிடங்கின் எடைச் சாவடிப் படியில், பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு கூடியது, ஆனால் கை பழையபடி திரும்பவில்லை.)

"துப்பாக்கி பெட்டி பெட்டியாக வந்தது."

இது ஓடும் போலிருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

துப்பாக்கி பெட்டி பெட்டியாக வந்தது. எண் பொறித்த உடற்பகுதியைக் கடையில் படிவம் எழுதிக் கொடுத்து வாங்கினாள். குழல், விசை, தோளில் முட்டும் கட்டை, தொலைநோக்கி எல்லாம் தபாலில். ஒவ்வொன்றும் அவளே தேர்ந்தெடுத்தது. கட்டைக்கு மட்டும் கடை நிறம் பிடிக்காமல், டிராக்டருக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்டை அடித்தாள்.

கணவன் ராய்ஸ், உள்ளூர் சுடும் கழகத்தின் அணியில் பதினோரு வருஷமாக நான்காவது இடத்தை விடாமல் வைத்திருப்பவன், இதைத் தினமும் சாப்பாட்டோடு வேடிக்கை பார்த்தான்.

"இன்னிக்கு எத்தனை பொட்டி?"

"ரெண்டு."

"போன வாரம் மூணு. துப்பாக்கி பண்றியா, ரயில் எஞ்சின் பண்றியா?"

"எஞ்சின்னே வச்சுக்கோ. எஞ்சின் தானா ஓடும். உன்னோடது அடிபம்பு. ஒவ்வொரு தடவையும் அடிச்சாத்தான் தண்ணி."

அவன் துப்பாக்கி அந்த வகை. ஒவ்வொரு முறை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். நேவாவின் கை இரண்டு முறை செய்யும், மூன்றாவது முறை வலியில் தோள் நகர்ந்துவிடும். தோள் நகர்ந்தால் எண்ணூறு கஜத்துக்கு அப்பால் குறியாக வைத்த இரும்புத் தகடு போயிற்று. அதனால் இரண்டு வருஷமாகப் போட்டி நாட்களில் கழகத்து ஓபல் ரிங்டாலோடு உட்கார்ந்து சாண்ட்விச் விற்றாள். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இருந்தால், சாண்ட்விச் மேசையை விட்டு எழுந்து மறுபடி பாயில் படுத்துச் சுடலாம். அவளுக்கு வேண்டியது அந்தப் பாய். வேறொன்றுமில்லை.

மேசையில் வைத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அரிசி நீளம்கூட இல்லாத ஒரு ஸ்பிரிங் விரலுக்கடியிலிருந்து தெறித்தது. அது நேராக ராய்ஸின் மான்கறித் தட்டில் போய் விழுந் —

(விழவில்லை. விழுந்திருந்தால் எனக்கு வசதி. எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. வீட்டில் துப்பாக்கி கட்டிய எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு ஸ்பிரிங் எங்கோ ஒளிந்திருக்கிறது.)

"அசையாதே நீ. காலைத் தூக்கு," என்றாள் நேவா, குளிர்பெட்டிக் கதவிலிருந்து பிடுங்கிய காந்தத்தோடு மேசைக்கடியில் தவழ்ந்தபடி.

"சாப்டுட்டு இருக்கேன்."

"காலாலயா சாப்டற?"

4

இங்கே ராய்ஸைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் முறை எழுதியபோது அவனை வில்லனாக்கினேன். மீசைகூட வைத்தேன். அவளுக்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால் அவன் இடம்தான் போக வேண்டும். மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் நான்கு பேர்தான், மூன்று பேர் முன்பே உறுதி. இதைவிட நல்ல வில்லன் எனக்கு எங்கே கிடைப்பான்?

ஆனால் ஒருநாள் அவன் தன்னுடைய நல்ல ஸ்பேனரை அவள் மேசையில் வைத்துவிட்டு, "என் ஸ்பேனரைக் காணோமே" என்று இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினான். அவள் வேலை முடிந்த மறுநாள் அது கிடைத்துவிட்டது. இப்படி ஒருவனை வில்லனாக வைத்து எப்படிக் கதையை ஓட்டுவது? மீசையை எடுத்துவிட்டேன். கேலியை மட்டும் விட்டுவைத்தேன், அது அவனுடைய சொந்தச் சரக்கு.

5 *

ஏப்ரலில் துப்பாக்கி முழுசாக எழுந்து நின்றது. நூறு கஜத்தில் காகிதத்தை வைத்து ஐந்து குண்டு சுட்டாள். நான்கு ஓட்டைகளை ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். ஒன்று மட்டும், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கிற திசையில், ஓர் அங்குலம் தள்ளி.

"அது துப்பாக்கி இல்ல, நீ," என்றான் ராய்ஸ். "கடைசிக் குண்டுக்கு ஆசைப்பட்டு மூச்ச விட்டுருப்ப. விடு, அதக் கணக்குல சேக்காத. யாரும் சேக்கறதில்ல."

உண்மை. இந்தக் கழகத்தில் ஆண்கள் பர்ஸில் தங்களுடைய நல்ல காகிதத்தை மடித்து வைத்திருப்பார்கள். விலகிய ஓட்டை மடிப்புக்குப் பின்னால் போகும்படி மடிப்பதில் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ராய்ஸிடமும் ஒன்று உண்டு.

நேவா மடிக்கவில்லை. அவள் லாரி எடை போடுகிறவள். முள் ஒரு பக்கம் சாய்ந்தால் ஏன் என்று பார்க்காமல் சீட்டு எழுதமாட்டாள். ஐந்து காகிதங்களை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குண்டு, இடையில் நிறுத்தாமல் சுட்டாள். இப்படி ஐந்து முறை. இருபத்தைந்து காகிதம். விலகியது கடைசிக் குண்டு இல்லை. முதல் குண்டு.

காரணம் எளிது. இந்த வகைத் துப்பாக்கியில் முதல் தோட்டாவை மட்டும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். மற்றதைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும், ஒரே மாதிரி, ஒரே வேகத்தில். கை கொஞ்சம் வேறு மாதிரி செய்கிறது, அவ்வளவுதான்.

ராய்ஸிடம் சொன்னாள். அவன் முட்டையை மென்றுகொண்டே யோசித்தான்.

"அப்ப முதல் குண்ட யாருக்காவது தானம் பண்ணிடு."

"யாருக்கு?"

"புல்லுக்கு."

அதற்கடுத்த ஞாயிறுதான் ஜன்னல். ஐந்து முறையின் முதல் காகிதங்களை மட்டும் எடுத்து அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. முதல் குண்டு வழிதவறவில்லை. ஒவ்வொரு முறையும் அதே தப்பான இடத்துக்குத் தவறாமல் போகிறது. இதை ராய்ஸிடம் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவனுடைய கேலிக்கு ஒரு பதிலாவது கைவசம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். (இது என் ஊகம். எடைச் சாவடியில் அவள் சொன்னபோது இந்த இடத்தில் ஒரு லாரி வந்துவிட்டது.)

* என் தொடக்கங்கள் ஏன் விலகிப் போகின்றன என்பது இதை எழுதும்போதுதான் புரிந்தது. முதல் வாக்கியத்தை நான் கையால் தள்ளுகிறேன். மூன்றாவது வாக்கியத்திலிருந்து கதை தானே ஏற்றிக்கொள்கிறது. இதற்கு மேல் இந்த ஒப்புமையை நீட்டினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

6

ஜூன், இரண்டாவது சனிக்கிழமை, அணித் தேர்வுப் போட்டி. சாண்ட்விச் மேசையில் ஓபல் தனியாக இருந்தாள். களத்துக்கும் அவள்தான் பொறுப்பாளி, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

கிட்டத்தில் வைத்த தகடுகள் பெரியவை. ஓர் அங்குலம், இரண்டங்குலம் விலகினாலும் மணியடிக்கும். நேவா அடித்தாள். ராய்ஸும் அடித்தான். மத்தியானம் மூன்று மணிக்கு இருவருக்கும் முப்பத்தொரு புள்ளி. இடம் ஒன்று.

"ஒரே வீட்டுக்குள்ள சண்டை மூட்டி விட்டாச்சு," என்றாள் ஓபல். "சட்டம் தெரியும்ல? காசு சுண்டுவேன். ஜெயிச்சவங்க சொல்லலாம், ஒரு குண்டா, அஞ்சு குண்டா. எண்ணூறு கஜம், சின்னத் தகடு. நடுவுக்கு யார் கிட்ட போறாங்களோ அவங்க."

சாப்பாட்டுத் தட்டு அளவுத் தகடு. நூறு கஜத்தில் ஓர் அங்குலம் விலகுவது எண்ணூறில் எட்டு அங்குலம். ஐந்து குண்டு என்றால் முதல் குண்டு போனாலும் மீதி நான்கில் நேவா தப்பிக்கலாம். ஒன்று என்றால் அவளிடம் இருப்பது விலகும் குண்டு மட்டும்.

காசு விழுந்தது. ராய்ஸ் ஜெயித்தான்.

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. ராய்ஸ் பெருந்தன்மையோடு "அஞ்சு" என்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். நேவா ஜெயித்து — (ஜெயித்து என்ன? அவன் கொடுத்த இடத்தில் வருஷம் முழுக்க எப்படிப் படுப்பாள்? கிழித்தேன்.)

ஆ. ராய்ஸ் புன்னகையோடு "ஒண்ணு" என்கிறான். அவள் தோற்கிறாள், அவனோடு ஒரு வாரம் பேசுவதில்லை. (அந்த ஸ்பேனர் சம்பவத்துக்குப் பிறகு எனக்கே இது பிடிக்கவில்லை.)

இ. மழை வருகிறது. (வெட்கக்கேடு.)

நடந்தது வேறு.

7

ராய்ஸ் தொப்பியைக் கழற்றி, மண்டையைச் சொறிந்து, மனைவியைப் பார்த்து, "அஞ்" என்று வாயைத் திறந்தான்.

"ராய்ஸ்," என்றாள் நேவா. "அஞ்சுன்னு நீ சொன்னேன்னு வச்சுக்க, இன்னிக்கு வீட்டுக்கு நடந்துதான் வருவ."

கூட்டம் சிரித்தது. பதினான்கு மைல்.

"நேவா, உன் முதல் குண்டு —"

"என் குண்டு எனக்குத் தெரியும்."

"செல்லம், கை தட்டவா, கல்யாணத்த ரத்து பண்ணவா?" என்றாள் ஓபல். "சீக்கிரம் சொல்லுங்க, காபி ஆறுது."

"ஒண்ணு," என்றான் ராய்ஸ், செருப்பு கடித்தவன் முகத்தோடு.

அவன் முதலில் சுட்டான். தகடு மணியடித்தது. இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே. நல்ல அடி. தோற்கடிக்க முடியாத அடி இல்லை.

நேவா பாயில் படுத்தாள். கைப்பிடியை இழுத்து விட்டாள், தோட்டா ஏறியது. பச்சைக் கட்டையில் கன்னத்தை வைத்தாள். சுடுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் பெரிய தொலைநோக்குக் கண்ணாடியில் பார்த்துக் காற்றைச் சொல்வது வழக்கம். ஓபல் "யார் பாக்கறது?" என்று கேட்டு முடிப்பதற்குள் ராய்ஸ் அங்கே உட்கார்ந்துவிட்டான். எதிராளி அவன்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை, ஓபலைத் தவிர.

"ஏண்டா, பொய் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது உனக்கு," என்றாள்.

"தெரியும்," என்றான் அவன். பிறகு கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில்: "காத்து இடது பக்கத்துலேர்ந்து. அரைத் தட்டு அகலம். இப்ப குறையுது. இரு. இரு. இப்ப அரை."

அவள் அரைத் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதோடு, அவனுக்குத் தெரியாத இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொண்டாள். தொலைநோக்கியின் குறுக்குக் கோடு தகட்டை விட்டுக் கீழே, இடது பக்கம், இரண்டுக்கு நேரெதிரான எட்டு மணித் திசையில் இறங்கியது. அங்கே தகடு இல்லை. வெறும் புல். எதிரே இருக்கிற தகட்டை விட்டுவிட்டு, ஐந்து காகிதத்தை நம்பி, புல்லைக் குறிவைக்கச் சொன்னால் நான் பாயை விட்டு எழுந்துவிடுவேன். அவள் கோடு அங்கேயே நின்றது. கைப்பிடியை இழுத்து விட்டாள், தோட்டா ஏறியது.

சுட்டாள்.

8

பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு முடிவு எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு வருவதற்குள் நான் நின்றுவிட்டேன். அதனால் இதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அது மட்டுமே காரணம் இல்லை.

எண்ணூறு கஜம் போக அந்தக் குண்டுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். தகட்டில் பட்டால், அந்தச் சத்தம் திரும்பி வர இன்னும் இரண்டு நொடிக்கு மேல். நான் அங்கே இருந்தேன், எனக்கு முடிவு தெரியும், ஆனால் இந்த நோட்டில் அந்த இரண்டு நொடியைத் தாண்ட எனக்கு மனசில்லை. குண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. அதை இனி யாரும் மாற்ற முடியாது. நேவாவுக்கு இன்னும் தெரியாது. ஓபலின் காபிக் கோப்பை பாதி வழியில் நிற்கிறது. நேவா பாயில் படுத்திருக்கிறாள், இரண்டு வருஷத்துக்குப் பிறகு, தான் கட்டிய துப்பாக்கிக்குப் பின்னால்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும் ராய்ஸுக்கு மட்டும் தெரியும். அவன் கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்புகிறான். சிரிக்கிறான். தோற்றாலும் ஜெயித்தாலும் அவனுக்கு ஒரே சிரிப்புதான், பதினேழு வருஷமாக அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

அவள் அந்த முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். சத்தம், வருமானால், வந்துகொண்டிருக்கிறது. காதைக் கொடுங்கள்.