அரசு உத்தியோகம் பார்த்த இடது கை

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டும் கன்னியம்மாவின் இடது கை, சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் மணிக்கட்டோடு கழன்று, ஷேர் ஆட்டோ பிடித்து அரசாங்க அலுவலகத்துக்கு வேலைக்குப் போனது. ரத்தமில்லை, வலியில்லை. வெயில் மட்டும் கொஞ்சம் அதிகம்.

காரணம் ஊருக்கே தெரியும். குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் பட்டறைக்குப் பூட்டுதான் என்று முதலாளி நடேசன் மேடைதோறும் முழங்கிவந்தார். வாங்கிய பொன்னாடைகளுக்கென்றே வீட்டில் தனி பீரோ உண்டு. கடைசியில் அரசாங்கம் சட்டத்தைப் போட்டுவிட்டு, கொஞ்சம் இறங்கிவந்து, கூலியில் குறைகிற பங்கை நாங்களே போடுகிறோம் என்றது. நடேசன் பரீட்சார்த்தமாக முதலில் கன்னியம்மாவின் பெயரை மட்டும் கொடுத்தார். கொடுக்கத்தான் ஆள் வந்தாயிற்றே என்று தன் பங்கையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். சம்பளம் தருகிறவனுக்குத்தானே கை சொந்தம்? அரசாங்கப் பங்குக்கு இடது கை போனது.

"இன்னாக்கா, கை எங்க?" என்றாள் பக்கத்து மெஷின் கோமளா.

"ஆபீசுக்குப் போய்கீது. கவர்மென்ட் உத்தியோகம்டீ, சும்மாவா?"

அங்கே அது மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து உறைகளுக்குப் பசை தடவியது. பதினோரு மணிக்கு டீ கிளாசைப் பிடித்தபடி இளைப்பாறியது. மாலையில் பசை வாசனையோடு வந்து ஒட்டிக்கொண்டது.

சிக்கல் பிரஸ்ஸில் வந்தது. இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். விரல் உள்ளே மாட்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு. அவசரக்காரப் பட்டறைகளில் ஒரு பொத்தானில் தீக்குச்சி சொருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். நடேசனும் தீப்பெட்டியோடு வந்தார்.

"குச்சி சொருவி ஓட்டித்தான் எங்க ஊட்டுக்காரரு ரெண்டு வெரல வுட்டுட்டு வந்தாரு. எனக்கு மிச்சம் கீறது இந்த ஒரு கைதான் சார், தர மாட்டேன்."

"அப்ப அந்தப் பொத்தான யாரும்மா அழுத்தறது?"

"உங்களுக்குத்தான் ரெண்டு கையும் சும்மாதான கீது?"

ஆர்டர் எடுக்க வண்டி வாசலில் நின்றது. நடேசன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆடி வந்தது, ஐப்பசி போனது. அவருடைய இடது கையும் அவளுடைய வலது கையும் சேர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தன. கன்னியம்மா வீட்டுக் குழம்பு, அவள் கால் வீக்கம், மகள் யுவராணியின் கல்லூரிச் சங்கதி எல்லாம் அவருக்கு அத்துப்படியாயின. கூட்டங்களுக்குப் போக முடியவில்லை; பொன்னாடை வரத்து நின்றது.

தை பிறந்ததும் பூந்தமல்லியில் அவருக்குப் பாராட்டு விழா. நோட்டீசில் படம் போட்டாகிவிட்டது. ஆர்டரோ மலையாகக் கிடந்தது. தீப்பெட்டியை மெல்ல வெளியே எடுத்தார். கன்னியம்மா வலது கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த கோமளாவும் வைத்தாள். வரிசையாக எல்லா பிரஸ்களும் நின்றன.

"தொலையுது போங்க," என்று சட்டக் கூலியை எல்லோருக்கும் தன் பையிலிருந்தே தர ஒப்புக்கொண்டார். மறுநாள் இடது கை ஆபீசுக்குப் போகவில்லை.

விழாவில், கூலியை உயர்த்தினால் பட்டறைக்குப் பூட்டுதான் என்று பழைய பேச்சையே பேசினார். வாக்கியத்துக்கு வாக்கியம் அவர் இடது கை மேசையைத் தானாக அழுத்தியது. ஜனங்கள் உணர்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பட்டறை இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. கன்னியம்மாவின் கைக்கு ஆபீஸ் பழக்கம் மட்டும் விடவில்லை. பதினோரு மணியானால் பொத்தானை விட்டு டீ கிளாசுக்கு நீளும். அதைப் பார்த்து மற்றக் கைகளும் நீளும். நடேசன் ஒரு வாரம் கத்திப் பார்த்தார். இப்போது நேரமானால் அவரே தன் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்கிறார்:

"கன்னிம்மா, உன் கையக் கேளு. இன்னிக்கு மசால்வடையா, பஜ்ஜியா?"