சனிக்கிழமைச் சுண்ணாம்பு

வாசலுக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே கட்டும் பதாகையின் இரண்டாவது முனையை டர்பன்டைன் மரத்தில் கட்டி முடிக்கும் முன்பே றோசாலி அதை வாசித்துவிட்டாள். படம் நன்றாகத்தான் இருந்தது. ஞானசீலன் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'யங் ஸ்டார் விளையாட்டுக் கழகத்தின் முன்னாள் முகாமையாளர் அமரர் ஞானசீலன் அவர்களுக்கு எமது கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது.

கணவனின் பெட்டியருகே உட்கார்ந்திருந்தவள் எழுந்து இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

"இத யாரு அடிச்சது?"

மரத்தில் ஏறியிருந்த தினேஸ் கீழே பார்த்தான். அவன் டீமின் கெப்டன். "பஸீல் நானாதாங்க மாமி. நேத்து பதுளைக்குப் போயி அடிச்சிட்டு வந்தாரு."

"முன்னாள்னு போடச் சொன்னதும் அவருதானா?"

தினேஸ் கயிற்றை இறுக்குவதில் மும்முரமானான்.

நமுனுகுல மலையடியில் இருக்கும் அந்தத் தோட்டத்துக்கு இரண்டு மெனேஜர்கள். பங்களாவில் ஒருவர், தொழிலாளர் லயத்தில் ஒருவர். பங்களாக்காரர் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார். பெயரைப் பழகுவதற்குள் அடுத்தவர் ஜீப்பில் வந்து இறங்குவார். லயத்து மெனேஜர் மட்டும் இருபது வருடத்துக்கு மேலாக அசையவில்லை. கழகத்தின் பெயர் யங் ஸ்டார், மெனேஜருக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். ஞானசீலன் அதைக் கேட்டுத் தானும் சிரித்துவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து சுண்ணாம்பால் கோடு போடாதவன் ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொடக்கூடாது. யாராக இருந்தாலும் சரி. மலையில் பெய்யும் சாரல் ஒவ்வொரு வாரமும் கோட்டைக் கழுவிக்கொண்டு போய்விடும், ஒவ்வொரு வாரமும் போட வேண்டும். தோட்டத்துப் பையன்கள் தோட்டத்திலேயே இருந்த காலத்தில் அது யாருக்கும் பாரமாக இல்லை. இப்போது பாதிப் பேர் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். சனி இரவு பஸ் பிடித்து ஞாயிறு காலை வந்து இறங்குகிறவன் சுண்ணாம்பு வாளியை எப்படிப் பிடிப்பான்?

பஸீலின் மகன் றில்வான் அப்படி வந்து இறங்குகிறவன்தான். டீமில் அவனைப் போலக் கோல் அடிக்க ஆளில்லை. ஹாலிஎல டீமோடு நடந்த இறுதி ஆட்டத்தில் ஞானசீலன் அவனை ஓரத்து வாங்குப் பலகையிலேயே உட்கார வைத்தார். ஒரு கோலில் தோற்றார்கள். தொடர்ந்து மூன்றாவது வருடம். அன்றைக்கே கழகத் தலைவர் பஸீல் கொதித்துப்போனார். போனில் இருக்கும் கழகத்துக் குழுவில் 'மெனேஜர் போகணும்' என்று ஒரு கூட்டமும் 'இருக்கணும்' என்று ஒரு கூட்டமும் அடித்துக்கொண்டன. கடைசியில் ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம் போட்டு முடிவெடுப்பது என்றானது.

வெள்ளிக்கிழமை சோறு சாப்பிடும்போது றோசாலி கேட்டாள். "கூட்டத்துக்குப் போறீங்களா?"

"நான் போகாம? என்னப் பத்தித்தானே பேசப் போறானுங்க. மொத வரிசையில உக்காருவேன்."

சனிக்கிழமை காலை சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். அவள் கோப்பையோடு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தார். அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்துக்கு வரவேண்டிய அத்தனை பேரும் வாசலில் கட்டிய படங்குக் கூரைக்குக் கீழே இருந்தார்கள். கொழும்புப் பையன்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார்கள். பஸீல் வெள்ளைச் சட்டையில் முன் நாற்காலியில் இருந்தார். பதுளையிலிருந்து பாதர் இன்னும் வரவில்லை.

பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பம்மாதான் ஆரம்பித்தாள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக மேச் பார்க்கப் போகிறவள் அவள்.

"ஏன் நானா, கூட்டமே இன்னும் நடக்கல. அதுக்குள்ள எப்பிடி முன்னாள்?"

"செத்தவங்களுக்கு அப்பிடித்தானே போடுவாங்க கருப்பம்மா."

மரத்திலிருந்து இறங்கிய தினேஸ் குறுக்கே வந்தான். "நம்ம கணக்கப்புள்ள ஐயா செத்தப்போ அப்பிடிப் போடலியே நானா?"

"அவரு வேலையில இருக்கும்போதே மௌத்தானவரு."

"இவரு மட்டும் என்ன?" கருப்பம்மா எழுந்துவிட்டாள். "சுண்ணாம்பு கரைச்ச கையோட செத்தாரு! அது வேலை இல்லியா?"

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. சனிக்கிழமை லீவு தர எந்த முதலாளி இருக்கிறான் என்று ஒரு கொழும்புப் பையன் கேட்டான். கோடு போடத் தெரிந்தவனுக்குக் கோல் போடத் தெரிய வேண்டாமா என்று இன்னொருவன். அவர் இல்லாவிட்டால் மைதானம் எப்போதோ தேயிலையாகியிருக்கும் என்றது ஒரு குரல். மூன்று வருடம் தோற்றதற்கு ஹாலிஎலக்காரன் மாலை போடுவானா என்றது மறுகுரல். கைகள் நீண்டன. நாற்காலி ஒன்று சாய்ந்தது.

"சாவு வீட்ல பேசுற பேச்சாடா இது?" என்று பின்னால் யாரோ அதட்டினார்கள். எல்லாரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

றோசாலிக்கு அந்த அமைதிதான் பிடிக்கவில்லை. "ஏன் நிப்பாட்டுறீங்க? பேசுங்க. நாலு மணிக்குக் கூட்டம்னு நீங்கதானே சொன்னீங்க. எல்லாரும் வந்திருக்கீங்க. அவரும் வந்திருக்காரு, மொத வரிசையில."

பஸீல் மெதுவாக எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. பெட்டிக்குப் பாதிச் செலவு தன்னுடையது என்று ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தார்.

"அக்கா, மறைச்சிப் பேச எனக்குத் தெரியாது. அண்ணன் போயிருக்கணும். மூணு வருசத்துக்கு முன்னாடியே மரியாதையாப் போயிருக்கணும். நீங்களே எத்தன தடவ எங்க கடையில வந்து சொல்லியிருக்கீங்க, இந்த மனுசன் டீம விட்டா நிம்மதின்னு."

"சொன்னேன். இல்லேங்கல. சுண்ணாம்புல கையெல்லாம் வெந்து வருவாரு, எண்ண போட்டுக்கிட்டே சொல்லுவேன். சண்ட புடிச்சிச் சொல்லுவேன். நான் சொல்லலாம், நான் பொண்டாட்டி. இருபது வருசம் என் பேச்சுக்கே போகாத மனுசன், நீங்க அடிச்ச பெனருக்கா போயிருவாரு?"

கருப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அழுது சிவந்த முகத்தோடு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். றோசாலி சிரிக்கவில்லை. அந்த மனுசனை வீட்டோடு இருக்க வைக்க அவள் பட்ட பாடு அத்தனையும் தோற்றுப்போயிருந்தது. தன்னை ஜெயித்தவரை வேறு யாரோ ஒரு சொல்லில் தோற்கடித்துவிட்டுப் போவதற்கு அவள் விடமாட்டாள்.

பின்கட்டுக்குப் போனாள். சுண்ணாம்பு வாளி சாக்கு மூடியபடி அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. சாக்கை எடுத்தாள். சுண்ணாம்பு அடியில் தங்கி மேலே தெளிந்த நீர் நின்றது. வாளியின் கைப்பிடியில் அவருடைய விரல் பட்ட இடங்கள் காய்ந்து வெள்ளையாக இருந்தன. நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கம்பால் கலக்கிக்கொண்டே அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாளியையும் தும்புத் தூரிகையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நான் அடிக்கிறேன் மாமி," என்றான் தினேஸ்.

"நீ வாங்கப் புடி."

பதாகைக்குக் கீழே போட்ட வாங்கில் ஏறினாள். படங்குக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தூரிகையைத் தோய்த்து 'முன்னாள்' மேல் இரண்டு முறை இழுத்தாள். சொல் மறைந்தது.

"பிளாஸ்டிக்ல சுண்ணாம்பு நிக்காது அக்கா," என்றார் பஸீல். "தூறல் வந்தா கழுவிரும்."

"நிக்கிற வரைக்கும் நிக்கட்டும். மண்ணுக்குள்ள எறக்குற வரைக்கும் அவருதான் மெனேஜர். அதுக்கப்புறம் யார வேணும்னாலும் போட்டுக்கங்க. எனக்குக் கவலயில்ல."

பாதர் வந்தார். ஜெபம் முடிந்தது. பெட்டியை மூடும்போது றோசாலி அவருடைய தொப்பியை உள்ளே வைத்தாள். டீம்காரர்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்பக்கம் தினேஸ், அவனுக்கு எதிரே றில்வான். வெளியே வந்தபோது மலையில் பனி இறங்கியிருந்தது. தூறல் விழத் தொடங்கியிருந்தது.

கல்லறைக்குப் போகும் ரோட்டுக்கு மேலேதான் பதாகை கட்டியிருந்தது. பெட்டி அதைக் கடந்துதான் போகவேண்டும். றோசாலி நிமிர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. முதல் எழுத்து வெளியே வந்துவிட்டது. இரண்டாவதும் வந்துகொண்டிருந்தது.

"நில்லுங்க," என்றாள்.

நின்றார்கள். பாரம் தோளை அழுத்தியது. பாதர் திரும்பிப் பார்த்தார். அவள் பதாகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸீலும் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக் கருப்பம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி லயத்துக்கு ஓடினார். அந்த உடம்பு ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் தூரிகை போட்ட வாளியும் இன்னொரு கையில் வாங்குமாக வந்தார். மூச்சு வாங்க ஏறி நின்று, வெள்ளைச் சட்டைக் கையை மடிக்கக்கூட இல்லாமல், தூரிகையைத் தோய்த்து அந்தச் சொல்லின் மேல் அழுத்தி இழுத்தார். ஒரு முறை, இன்னொரு முறை. முழங்கை வரை வழிந்தது.

"நான் சொன்னத மாத்த மாட்டேன் அக்கா," என்றார் வாங்கில் நின்றபடியே. "அண்ணன் போயிருக்கணும்."

"யாரு மாத்தச் சொன்னா?" என்றாள் றோசாலி. "அந்தக் கடைசி எழுத்து இன்னும் தெரியுது."

அவர் கடைசி எழுத்தையும் மறைத்தார்.

பெட்டி நகர்ந்தது. பதாகைக்குக் கீழே போகும்போது மேலிருந்து இரண்டு மூன்று சொட்டுச் சுண்ணாம்பு மூடியின் மேல் விழுந்தது. றில்வானின் தோளிலும் ஒரு சொட்டு. துடைப்பதற்காகத் தினேஸ் பெட்டியின் மேல் கையை உயர்த்தினான்.

"இருக்கட்டும்," என்றாள் றோசாலி.

சரிவில் இறங்கினார்கள். பின்னால் யாரோ தணிந்த குரலில் அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். கருப்பம்மா பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். காது கேட்கும் தூரத்தில் இருப்பதற்காக றோசாலி நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.