பல்லை உடைத்ததற்கு ஒரு பாராட்டுக் கூட்டம்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைக் 'கஞ்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மடித்த விரிப்பு கஞ்சி போட்டது மாதிரி விறைப்பாக நிற்கும். மூன்று வாரத்துக்கு முன்பு, தனக்கு வலிப்பு நோய் உண்டென்று சுவரில் எழுதி ஒட்டினாள். மறுநாளே பெயர் 'நோட்டீஸ்' ஆகிவிட்டது.

மொத்தம் நாலே வரி. "எனக்கு வலிப்பு வந்தால் பயப்படாதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்." ஒன்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்துச் சலித்துப்போய் எழுதியது. எந்தப் புண்ணியவானோ அதன் அடியில் ஒரு சவப்பெட்டியை வரைந்து வைத்தான்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. அவளுக்கு எதிர்முனை பிடிக்க ஆளே இல்லாமல் போயிற்று. "ஒட்டிக்கிட்டா?" என்றாள் ஒருத்தி. "ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா எதுக்கு வம்பு?" என்றாள் இன்னொருத்தி. இவள் படித்தவளாம்! கறை எடுக்கும் பெரியக்கா மட்டும் வந்து பிடித்தாள், அதுவும் திட்டிக்கொண்டே. "உன்ன யாருடி தம்பட்டம் அடிக்கச் சொன்னது? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வலிப்பு வந்தது. நினைவு திரும்பியபோது வாயெல்லாம் ரத்தம், முன்பல்லில் பாதியைக் காணோம். நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாதென்று, கறை தேய்க்கும் பிரஷின் கட்டைப் பிடியைப் பெரியக்கா பல்லுக்கு நடுவே திணித்து அழுத்தியிருந்தாள். அத்தனையும் நோட்டீசுக்கு நேர் கீழேதான் நடந்தது.

வியாழக்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா உன் உயிரக் காப்பாத்தியிருக்காங்க. நாளைக்கு எல்லாரையும் கூட்டிப் பாராட்டப் போறேன். நீ நாலு வார்த்தை நன்றி சொல்லு. அப்படியே அந்தக் காகிதத்தையும் கிழிச்சுடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"சொல்லலன்னா?"

"சொல்லாம எங்க போவ?"

அவருடைய புன்சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை இயந்திரங்களை நிறுத்தினார்கள். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். பெரியக்காவுக்கு ஒரு போர்வை பரிசு கிடைத்தது, கைதட்டல் கூரையைப் பிளந்தது. அடுத்து, நன்றி சொல்ல அவள் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியக்காவுக்கு என் மேல பாசம். அத இல்லன்னு சொன்னா என் வாய் அழுகிடும். ஆனா அவங்க என் உயிரக் காப்பாத்தல. என் பல்ல உடைச்சாங்க." உதட்டைத் தூக்கிக் காட்டினாள். "வலிப்பு தானா நிக்கும். அந்தக் கட்டை இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா என் மூச்சு நின்னிருக்கும். அதுக்கும் இப்படித்தான் கை தட்டியிருப்பீங்க."

"நாளைலேருந்து வராத," என்றார் மேனேஜர். அதற்கும் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

பெரியக்கா கத்தினாள். "நன்றி கெட்டவளே! நீ துடிச்சதப் பாத்து எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அப்ப நான் என்னதான்டி செஞ்சிருக்கணும்?"

வேலை போயே போய்விட்டது. இனி யாருக்குப் பயம்? அவள் ஈரத் தரையில் மல்லாந்து படுத்தாள்.

"என்னைப் புரட்டுக்கா."

"நாடகம் ஆடாத, எழுந்திரு!" என்றார் மேனேஜர்.

பெரியக்கா போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு மண்டியிட்டாள். "எந்தப் பக்கம்? சொல்லித் தொலை!"

"எந்தப் பக்கம்னாலும் சரி."

தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்துப் புரட்டினாள். கோபம் ஒரு துளியும் தணியவில்லை. ஆனால் சரியாகப் புரட்டினாள்.

"அப்புறம்?"

"எவ்வளவு நேரம்னு பாத்துக்கோ. வேற ஒண்ணும் பண்ணாத. பக்கத்துல இரு."

மேனேஜர் மணியடித்தார். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள், இயந்திரங்கள் இரைய ஆரம்பித்தன. அவர் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பெரியக்கா எழுந்திருக்கவில்லை.